பாட்டுப் பெட்டிக்கு மட்டம் பார்த்தல்

கோலார் தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. ஆனாலும் அங்கே தெருவில் நடந்தால் தமிழ்தான் காதில் விழும். 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி அங்கே தங்கம் எடுக்கத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலைக்குப் போயின. சுரங்கம் ஆழமாகிக் கொண்டே போனது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 2001-ஆம் ஆண்டு சுரங்கங்களை மூடிவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

அப்படி ஒரு லைன் வீட்டை மனதில் வைத்துக் கொள்வோம். மாரிக்குப்பத்தில் இருக்கும் வீடு. ஒரு பாட்டி, ஒரு பேரன். பேரன் தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். இரவு திரும்பி வருகிறான். ஞாயிற்றுக்கிழமைதான் அவன் முகத்தைப் பகலில் பார்க்கலாம்.

பாட்டியிடம் பழைய ரெக்கார்டு பிளேயர் ஒன்று இருக்கிறது. தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது. கரண்டில் ஓடும். அதோடு நாலைந்து இசைத்தட்டுகள். அவற்றில் ஒன்று 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் வசனத் தட்டு. படம் வந்தது 1959-இல். அந்தத் தட்டைப் போட்டால் தாத்தாவும் கூடவே வசனம் பேசுவாராம். தாத்தா இறந்து பல ஆண்டு ஆகிவிட்டது. அவருடைய நினைவு நாள் அடுத்த வாரம் வருகிறது. அன்றைக்கு அந்தத் தட்டைக் கேட்க வேண்டும் என்பது பாட்டியின் ஆசை.

பேரன் பிளேயரைப் பழுது பார்த்து, புது ஊசி போட்டு வாங்கி வந்தான். பெஞ்சின் மேல் வைத்தான். தட்டைப் போட்டான். ஊசியை வைத்தான். இரண்டு வசனம் சரியாக வந்தது. பிறகு ஊசி 'சர்ர்' என்று உள் பக்கம் வழுக்கிக் கொண்டு ஓடியது. பாட்டி பதறிப் போனார்.

"டேய், எடுடா! தட்டு போச்சு!"

பேரன் ஊசியைத் தூக்கினான். வெளிச்சத்தில் தட்டைப் பார்த்தான். முடி போல ஒரு கீறல் விழுந்திருந்தது.

தட்டின் மேல் என்ன இருக்கிறது?

இசைத்தட்டில் கோடு கோடாகத் தெரியும். பல கோடுகள் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரே கோடுதான். வெளி ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகிறது. ஜாங்கிரி பிழிவது போல என்று நினைத்துக் கொள்ளுங்கள்.

இந்தக் கோடு ஒரு சிறு பள்ளம். அகலம் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் சுவர் உண்டு. அந்தச் சுவர்கள் நெளிந்து நெளிந்து போகின்றன. ஊசி பள்ளத்துக்குள் ஓடும்போது அந்த நெளிவில் ஆடுகிறது. அந்த ஆட்டம்தான் குரலாகவும் பாட்டாகவும் மாறி வெளியே வருகிறது. தட்டை 1887-இல் கண்டுபிடித்தவர் எமில் பெர்லினர். அதற்குப் பத்து ஆண்டு முன்பே எடிசன் உருளையில் குரலைப் பதித்துக் காட்டியிருந்தார்.

பெரிய தட்டு, அதாவது எல்.பி. தட்டு, 1948-இல் வந்தது. அது ஒரு நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு 100 சுற்று. ஒரு பக்கம் 21 நிமிடம் ஓடினால் 700 சுற்று. எழுநூறு சுற்றிலும் ஊசி அந்த முடியளவு பள்ளத்தை விட்டு விலகக் கூடாது. ஊசியை அழுத்திப் பிடிப்பதோ சில கிராம் எடைதான்.

அதற்கு முன் இருந்த தட்டுகள் அரக்கால் செய்தவை. 78 சுற்று. ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தப் பள்ளம் அகலமானது. சாவி கொடுக்கும் கிராமபோனில் கை கனமாக இருக்கும். கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஓடிவிடும். அந்தப் பழக்கத்தில் எல்.பி. தட்டையும் கோணல் மாணலான இடத்தில் வைத்துக் கெடுத்துக் கொண்டவர்கள் நிறையப் பேர்.

கை ஏன் ஓடுகிறது?

பிளேயரின் வலது பக்கம், பின் மூலையில் ஒரு கை இருக்கிறது. அதன் நுனியில் ஊசி. கை கதவு போல இடமும் வலமும் அசையும். ஒரு கதவை நினைத்துப் பாருங்கள். நிலை கோணலாக இருந்தால் கதவு தானாகத் திறந்து கொள்ளும். அல்லது தானாகச் சாத்திக் கொள்ளும். பிளேயரின் கையும் அப்படித்தான். சில பிளேயர்களில் கைக்குப் பின்னால் ஓர் எடைக் கட்டி இருக்கும். அவற்றில் சாய்வு அவ்வளவாகத் தெரியாது. எடைக் கட்டி இல்லாத சின்னப் பிளேயர்களில் நன்றாகத் தெரியும். பாட்டி வீட்டுப் பிளேயர் அந்த வகை.

இடது பக்கம் பள்ளமாக இருந்தால் கை இடது பக்கம், அதாவது தட்டின் நடுவை நோக்கி, சாயும். ஊசி முன்னே தாவும். நடுவில் வசனம் விட்டுப் போகும். வலது பக்கம் பள்ளமாக இருந்தால் கை வெளிப் பக்கம் இழுக்கும். ஊசி வந்த வழியே திரும்பிக் குதிக்கும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும். 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்று நாம் ஒருவரைக் கேலி செய்கிறோமே, அதுதான்.

எல்லாக் குற்றத்தையும் மட்டத்தின் மேல் போடவும் கூடாது. தட்டில் கீறலோ அழுக்கோ இருந்தாலும் ஊசி தாவும். பிரித்துத் தெரிந்து கொள்ள ஒரு வழி உண்டு. எப்போதும் ஒரே இடத்தில் தாவினால் கோளாறு தட்டில். எங்கே வேண்டுமானாலும் தாவினால், எந்தத் தட்டு போட்டாலும் தாவினால், கோளாறு பிளேயரிலோ அது இருக்கும் இடத்திலோ இருக்கிறது.

பேரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு ரூபாய்க் காசை எடுத்தான். கையின் நுனியில் வைக்கப் போனான். கனம் கூடினால் ஊசி தாவாது அல்லவா?

"வைக்காதேப்பா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

பக்கத்து வீட்டுத் தாத்தா நின்று கொண்டிருந்தார். சுரங்கத்தில் டிம்பர் வேலை பார்த்தவர். பாறை சரியாமல் முட்டுக் கொடுக்கும் வேலை அது. மரத்தாலும் கொடுப்பார்கள். செதுக்கிய கருங்கல்லை அடுக்கியும் கொடுப்பார்கள்.

"காசு வைத்தால் தாவாது. ஆனால் ஊசி பள்ளத்துச் சுவரைச் சுரண்டிவிடும். பத்துத் தடவை ஓடினால் குரல் கரகரக்கும். அப்புறம் யார் வந்தாலும் சரி செய்ய முடியாது. நோய் பெஞ்சில் இருக்கு. நீ மருந்தைத் தட்டுக்குக் கொடுக்கிறே."

காசு வைக்கும் பழக்கம் எங்கும் இருந்தது. கல்யாணப் பந்தலில் மைக் செட் போடுகிறவர்கள் சிலரும் வைப்பார்கள். அவர்களுக்குப் பந்தலில் பாட்டு நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வீட்டில் ஒரே ஒரு தட்டை வைத்திருப்பவர் அப்படிச் செய்வது தவறு.

ஆடுவது வேறு, சாய்வது வேறு

தாத்தா பெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பெஞ்சு 'டக் டக்' என்று ஆடியது.

"பார்த்தாயா? முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அப்புறம்தான் மட்டம்."

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று காலும் எப்போதும் தரையைத் தொடும். நாலு கால் இருந்தால்தான் ஆட்டம். தரை மேடு பள்ளமாக இருந்தாலோ, ஒரு கால் குட்டையாக இருந்தாலோ அது தொங்கும். ஆனால் ஆடாத முக்காலி மட்டமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். மலைச் சரிவில் வைத்தாலும் முக்காலி ஆடாது. சாய்ந்துதான் நிற்கும்.

பேரன் பெஞ்சை அழுத்திப் பார்த்தான். எந்தக் கால் தொங்குகிறது என்று கண்டுபிடித்தான். அதன் அடியில் ஒரு மெல்லிய பலகைச் சில்லைத் தள்ளினான். ஆட்டம் நின்றது.

காகிதத்தை மடித்து வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். இரண்டு நாளில் அது நசுங்கிவிடும். மரச் சில்லு, ஓட்டுச் சில்லு, கடப்பைக் கல் சில்லு ஆகியவை நல்லது. நழுவாமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டியூப் ரப்பர் ஒரு துண்டு போதும்.

பொய் சொன்ன ரசமட்டம்

தாத்தா வீட்டுக்குப் போய் ரசமட்டம் எடுத்து வந்தார். உங்கள் ஊர்க் கொத்தனாரிடமும் தச்சரிடமும் பார்த்திருப்பீர்கள். ஓர் அடி நீள மரக்கட்டை. நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் திரவம், அதில் ஒரு குமிழி. குமிழி எப்போதும் உயரமான பக்கம் போகும். நடுவில் நின்றால் மட்டம்.

பிளேயரைக் கீழே இறக்கினார்கள். அதற்கு முன் பாட்டி சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார். தாத்தா ரசமட்டத்தைப் பெஞ்சின் நீளவாக்கில் வைத்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"பெஞ்சு மட்டமாத்தான் இருக்கு. பிளேயரில்தான் ஏதோ கோளாறு" என்றார்.

பேரனுக்குச் சமாதானம் ஆகவில்லை. சுவரில் இருந்த படத்தின் கண்ணாடியைக் கழற்றிப் பெஞ்சின் மேல் வைத்தான். அதன் மேல் ஒரு கோலிக் குண்டை வைத்தான். கோலி இடது பக்கம் உருண்டது. கண்ணாடியைத் திருப்பிப் போட்டு மறுபடி வைத்தான். மறுபடியும் இடது பக்கமே உருண்டது.

"தாத்தா, கோலி இடது பக்கம் ஓடுதே? மட்டமா இருந்தா நிக்கணும் இல்லே?"

தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு ரசமட்டத்தை எடுத்தார். இடது முனையை வலப் பக்கமாகத் திருப்பி, அதே இடத்தில் வைத்தார். இப்போது குமிழி நடுவில் நிற்கவில்லை. வலது பக்கம் தள்ளி நின்றது.

"அடப்பாவி! இத்தனை நாளா இது பொய்யா சொல்லிச்சு? இதை நம்பி நம்ம லைனில் எத்தனை கதவு நிலை வைச்சேன்!"

பாட்டி சிரித்தார். "அதனால்தான் அண்ணே எங்க வீட்டுக் கதவு தானாத் திறந்துக்குது."

இந்தச் சோதனையை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். புது ரசமட்டம் வாங்கும்போது கடையிலேயே செய்து பார்க்கலாம். ஓரிடத்தில் வைத்துக் குமிழியைப் பாருங்கள். முனை மாற்றித் திருப்பி, அதே இடத்தில் வையுங்கள். இரண்டு தடவையும் குமிழி அறையின் ஒரே பக்கம், ஒரே அளவு நின்றால் ரசமட்டம் நல்லது. உதாரணமாக, இரண்டு தடவையும் ஜன்னல் பக்கம் நின்றால் மேசைதான் ஜன்னல் பக்கம் உயரம். நின்ற இடம் மாறினால் ரசமட்டத்தில் கோளாறு.

கோளாறான ரசமட்டத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தாத்தா அதன் ஒரு முனையில் சிவப்பு நூல் கட்டினார். முதலில் நூல் முனை இடது பக்கம் இருந்தது. அப்போது குமிழி நடுவில் நின்றது. நூல் முனையை வலது பக்கம் திருப்பியபோது குமிழி வலது பக்கம் போனது. இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ளதுதான் உண்மை. அதாவது பெஞ்சின் வலது பக்கம் உயரம், இடது பக்கம் பள்ளம். கோலி சொன்னதும் இதைத்தான். தட்டில் ஊசி உள்ளே ஓடியதும் இதனால்தான்.

பெஞ்சு சரியாக மட்டமானால் இந்த ரசமட்டம் என்ன காட்டும்? எப்படித் திருப்பி வைத்தாலும் குமிழி நூல் கட்டிய முனைப் பக்கமே, ஒரே அளவு தள்ளி நிற்கும். அதைக் குறியாக வைத்துக் கொண்டார்கள்.

எத்தனை கனம் சில்லு வைப்பது?

பலரும் இங்கே ஒரு சில்லை வைத்துப் பார்ப்பார்கள். போதாது என்று இன்னொன்று வைப்பார்கள். பிறகு அதிகம் என்று எடுப்பார்கள். கணக்குப் போட்டால் ஒரே தடவையில் முடியும்.

பேரன் ரசமட்டத்தின் இடது முனைக்கு அடியில் அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சொருகினான். குமிழி குறித்த இடத்துக்கு வந்தது. அட்டைகளை எடுத்து ஸ்கேலில் அளந்தான். 2 மில்லிமீட்டர். ரசமட்டத்தின் நீளம் ஓர் அடி. அப்படியானால் ஓர் அடிக்கு 2 மில்லிமீட்டர் பள்ளம். பெஞ்சின் இடது காலுக்கும் வலது காலுக்கும் நடுவே 4 அடி. 4 × 2 = 8. இடது பக்கக் கால்கள் இரண்டுக்கும் 8 மில்லிமீட்டர் வேண்டும்.

6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு, 2 மில்லிமீட்டர் ரப்பர். சரியாக அமைந்தது.

பிறகு ரசமட்டத்தைக் குறுக்கு வாட்டில் வைத்துப் பார்த்தார்கள். முன் பக்கம் கொஞ்சம் பள்ளம். அதற்கும் முன் கால்கள் இரண்டின் அடியில் மெல்லிய சில்லு. மறுபடி நீளவாக்கில் பார்த்தார்கள். ஒரு பக்கம் தூக்கினால் மறு பக்கம் கொஞ்சம் மாறும். அதனால் இரண்டு தடவை பார்ப்பது அவசியம்.

உங்கள் வீட்டில் ரசமட்டம் இல்லையா? அடி தட்டையாக இருக்கும் ஒரு எவர்சில்வர் தட்டு போதும். அதை மேசை மேல் வைத்து, அடி மறையும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் ஆழமாகச் சேர்கிறதோ அந்தப் பக்கம் பள்ளம். தட்டைத் திருப்பி வைத்தும் பாருங்கள். பிளேயர் மேசை மேல் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். கரண்டும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பெஞ்சு மட்டமான பிறகு பிளேயரை ஏற்றினார்கள். இப்போது ரசமட்டத்தைப் பிளேயரின் பெட்டி மேல் வைக்கவில்லை. தட்டு சுற்றும் வட்டப் பலகை மேல் வைத்தார்கள். பெட்டி நேராக இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து வட்டம் சாய்ந்திருக்கலாம். பாட்டி வீட்டில் அந்தத் தொல்லை இல்லை.

எங்கே வைப்பது?

சிலர் ட்ரங்க் பெட்டி மேல் வைப்பார்கள். ட்ரங்க்கின் மூடி நடுவில் தொய்யும். அதன் மேல் இரண்டு ஓரத்தையும் தொடும்படி ஒரு பலகை போட்டு, பலகை மேல் வைக்கலாம். இரும்பு பீரோவின் மேல் வைப்பது எனக்குப் பிடிக்காது. கதவைச் சாத்தும்போதெல்லாம் அதிரும். சுவரில் பதித்த கடப்பைக் கல் அலமாரி இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. குழந்தைகள் ஓடினாலும் அசையாது.

ஸ்பீக்கர் தனியாக இருந்தால் அதே பெஞ்சில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு பெஞ்சு வழியாக ஊசிக்குப் போகும். சத்தம் கூட்டினால் 'ஊம்ம்' என்று இரையும்.

வேலை முடிந்து மூவரும் டீ குடித்தார்கள். பேரன் கேட்டான்.

"பாட்டி, அந்தக் காலத்தில் தாத்தா எப்படி மட்டம் பார்த்தார்?"

"தண்ணித் தட்டுதான். ஆனா எத்தனை தடவை பார்த்தாலும் நிலைக்காது. பூமியே ஆடுமே!"

ஆழத்தில் தாதுப் பாறையை வெட்டி எடுத்த பின் மிச்சமுள்ள பாறையின் மேல் பாரம் கூடும். தாங்க முடியாமல் பாறை திடீரென்று வெடிக்கும். தங்கவயலில் இதை ஏர் பிளாஸ்ட் என்று சொன்னார்கள். அந்த அதிர்ச்சி மேலே வீடு வரை வரும். பாத்திரம் உருளும். சுவரில் வெடிப்பு விழும். உள்ளே இருந்தவர்கள் பலர் இப்படி உயிர் விட்டிருக்கிறார்கள்.

"ஒரு நாள் இந்தத் தட்டு ஓடிக்கிட்டிருந்தது" என்றார் பாட்டி. "டம்முன்னு ஒரு அதிர்ச்சி. ஊசி எகிறிப் போச்சு. தட்டை யார் பார்த்தா? உங்க தாத்தா அன்னிக்கு ஷிப்டுலே இருந்தார். தெருவிலே இருந்த பொம்பளைங்க எல்லாம் ஷாப்டுகிட்டே ஓடினோம். கூண்டு மேலே வந்து அவர் இறங்குற வரைக்கும் எனக்கு மூச்சு இல்லே. வீட்டுக்கு வந்து பார்த்தா தட்டு இன்னும் சுத்திக்கிட்டே இருந்தது."

பக்கத்து வீட்டுத் தாத்தா தலையைக் குனிந்து கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி மட்டம் பார்க்கச் சொன்னார். சில்லுகள் பாரத்தில் அமுங்கும். ரப்பரும் கொஞ்சம் இறங்கும்.

பேரன் சனிக்கிழமை இரவே பார்த்தான். குமிழி சிறிது நகர்ந்திருந்தது. ஓர் அட்டைத் துண்டு சேர்த்தான். மறு நாள் தாத்தாவின் நினைவு நாள். தட்டைத் துடைத்துப் போட்டார்கள். கீறல் விழுந்த இடத்தில் 'டிக், டிக்' என்று கேட்டது. ஊசி தாவவில்லை. கடைசிச் சுற்று வரை போனது.

செய்து பாருங்கள்

1. ஓர் அடி ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் அட்டை வைத்ததும் குமிழி நடுவுக்கு வந்தது. மேசைக் கால்களுக்கு நடுவே 2 அடி. எத்தனை மில்லிமீட்டர் சில்லு வேண்டும்?

2. ஒரு வீட்டில் எந்தத் தட்டைப் போட்டாலும் சொன்னதையே சொல்கிறது. அந்த மேசையின் எந்தப் பக்கம் பள்ளம் என்று முதலில் பார்ப்பீர்கள்?

3. உங்கள் வீட்டு மேசை மேல் தண்ணீர்த் தட்டு வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் பள்ளம் என்று நோட்டில் எழுதுங்கள்.